விமான இரைச்சலை முன்கூட்டிச் சொல்லும் ஏஇடிடி மென்பொருள்: ஒரு பயனரின் மதிப்புரை

அமெரிக்காவில் ஒரு விமான நிலையம் ஓடுபாதையை நீட்டிக்கவோ, விமானங்களின் வான்தடங்களை மாற்றவோ, புதிதாக ஹெலிகாப்டர் தளம் அமைக்கவோ முற்பட்டால், சுற்றியுள்ள வீடுகளுக்கு எவ்வளவு இரைச்சல் கூடும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுக் காட்டியாக வேண்டும். அந்தக் கணக்கைப் போடுவதற்கு மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ ஏற்றுக்கொண்டிருக்கும் கருவி ஏவியேஷன் என்விரான்மென்டல் டிசைன் டூல் என்ற மென்பொருள். துறையில் இருப்பவர்கள் அதை ஏஇடிடி என்று சுருக்கிச் சொல்வார்கள். விமான நிலையத்தைச் சுற்றி அடுக்கடுக்காக வரையப்படும் சம இரைச்சல் கோடுகள் இதிலிருந்துதான் பிறக்கின்றன. எந்த வீட்டுக்கு அரசு நிதியில் இரட்டைக் கண்ணாடிச் சன்னல் கிடைக்கும், எந்த வீட்டுக்குக் கிடைக்காது என்பதுகூட அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் முடிவாகிறது. இவ்வளவு கனமான பொறுப்பைச் சுமக்கும் ஒரு மென்பொருளைப் பற்றித் தமிழில் விரிவாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. வேலையின் பொருட்டு இதைத் தொடர்ந்து பயன்படுத்துகிறவன் என்ற முறையில், இதை எங்கே நம்பலாம், எங்கே இதன் சொல்லோடு நின்றுவிடக் கூடாது என்பதை இங்கே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஜெட் விமானங்கள் நிறைந்த ஒரு பெரிய விமான நிலையத்தின் நீண்டகாலச் சராசரியைக் கணிக்க இதைவிட ஒழுங்கான கருவியை நான் கையாண்டதில்லை, ஹெலிகாப்டருக்கு இதை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஊரின் தலையெழுத்தையும் தீர்மானிக்கக் கூடாது.

எஃப்ஏஏ 1978இல் வெளியிட்ட ஐஎன்எம் என்ற மென்பொருள்தான் இதன் முன்னோடி. விமான நிலையத்தை ஒட்டிய இரைச்சலுக்கு ஐஎன்எம், பரந்த வான்பரப்பின் தடங்களுக்கு என்ஐஆர்எஸ், புகை வெளியேற்றத்துக்கு இடிஎம்எஸ் என்று மூன்று கருவிகள் தனித்தனியாக இயங்கிவந்தன. ஒரே விமானத்தை ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு விதமாகப் பறக்கவிட்டதால், இரைச்சல் கணக்கும் எரிபொருள் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தாத நிலை இருந்தது. ஏஇடிடியின் 2ஏ பதிப்பு 2012இல் என்ஐஆர்எஸ்ஸின் இடத்தைப் பிடித்தது. 2015 மே மாதம் வந்த 2பி பதிப்பு மற்ற இரண்டையும் ஓய்வுபெற வைத்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் உள்ள வோல்ப் போக்குவரத்து ஆய்வு மையம் இதன் உருவாக்கத்தில் பெரும்பங்கு வகிக்கிறது. ஒரே பறப்பிலிருந்து இரைச்சல், எரிபொருள், புகை ஆகிய மூன்றையும் கணக்கிடுவதால், குடியிருப்பைத் தவிர்க்க விமானத்தைச் சுற்றி அனுப்பினால் எவ்வளவு எரிபொருள் கூடுதலாகச் செலவாகும் என்ற கேள்விக்கு ஒரே கணக்கில் விடை கிடைக்கிறது. இந்த ஒருங்கிணைப்பை நான் மனமாரப் பாராட்டுகிறேன். மூன்று கோப்புகளை வைத்துக்கொண்டு அல்லாடியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

நிறுவுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விண்டோஸ் கணினியும் எஸ்கியூஎல் சர்வர் தரவுத்தளமும் வேண்டும். வரைபடத் திரை தெளிவாக இருக்கிறது. பயனர் கையேடும் தொழில்நுட்பக் கையேடும் நீளமானவை, ஆனால் நேர்மையானவை. எந்தச் சமன்பாடு எங்கிருந்து எடுக்கப்பட்டது, எந்த அனுமானம் எங்கே செய்யப்பட்டது என்பதைத் தொழில்நுட்பக் கையேடு மறைக்காமல் சொல்கிறது. கீழே நான் குறிப்பிடப்போகும் குறைகளில் பலவற்றை அந்தக் கையேட்டைப் பொறுமையாகப் படிக்கும் எவரும் தாமே கண்டுகொள்ளலாம்.

இந்த மென்பொருளின் இதயம் ஓர் அட்டவணை. ஒரு விமான வகை, குறிப்பிட்ட ஓர் எஞ்சின் உந்துவிசையில், நேர்கோட்டில் பறந்து கடக்கும்போது, 200 அடி முதல் 25,000 அடி வரையிலான பத்துத் தொலைவுகளில் எத்தனை டெசிபல் கேட்கும் என்பதை அந்த அட்டவணை சொல்கிறது. இரைச்சல், உந்துவிசை, தொலைவு ஆகிய மூன்றையும் பிணைப்பதால் இதற்கு என்பிடி என்று பெயர். இந்த எண்களுக்குப் பெரும்பாலும் அடிப்படையாக இருப்பவை, விமானத்துக்கு இரைச்சல் சான்றிதழ் வாங்குவதற்காகத் தயாரிப்பாளர்கள் மைக்ரோஃபோன்களை நட்டு எடுக்கும் உண்மையான அளவீடுகள். ஏஇடிடி செய்வதெல்லாம், விமானத்தின் பாதையைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் விமானம் எவ்வளவு உயரத்தில், எவ்வளவு வேகத்தில், எவ்வளவு உந்துவிசையோடு இருக்கிறது என்று கண்டு, அட்டவணையிலிருந்து அதற்குரிய டெசிபலை எடுத்து, வேகத்துக்கும் பக்கவாட்டுத் தேய்வுக்கும் (பாதைக்குப் பக்கவாட்டில் விலகி இருப்பவரை அடையும்போது தரையும் விமான உடலும் ஒலியைத் தணிப்பது) திருத்தம் செய்து, எல்லாத் துண்டுகளின் ஒலி ஆற்றலையும் கூட்டுவதுதான். ஒலி எப்படிப் பிறக்கிறது என்ற இயற்பியலை இது தொடுவதேயில்லை. அளந்த எண்ணைத் திறமையாக இடம்பெயர்த்துச் சொல்கிறது. இந்த எளிமையால்தான் ஆண்டுக்குப் பல லட்சம் பறப்புகள் நிகழும் விமான நிலையத்தையும் ஒரு மேசைக் கணினியில் கணக்கிட முடிகிறது. இதன் வரம்புகள் அனைத்தும் இதே எளிமையிலிருந்துதான் வருகின்றன.

புறப்பாட்டைக் கணிப்பதில் இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது. விமானம் மேலேறும்போது எஞ்சினின் இரைச்சலே மேலோங்கி நிற்கும். ஆகவே உந்துவிசையை வைத்து இரைச்சலைத் தேடுவது பொருத்தமானது. ஜேம்ஸ் லைட்ஹில் 1952இல் நிறுவிய கோட்பாட்டின்படி, ஜெட் தாரையின் ஒலி ஆற்றல் அதன் வேகத்தின் எட்டாம் படியோடு உயர்கிறது. தாரையின் வேகத்தைப் பாதியாக்கினால் ஏறத்தாழ 24 டெசிபல் குறையும். பெரிய விசிறி வழியாக நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளும் இன்றைய எஞ்சின்கள் பழைய எஞ்சின்களைவிட இவ்வளவு அமைதியாக இருப்பதற்கு அடிப்படை இதுதான். அந்த முன்னேற்றம் முழுவதும் சான்றிதழ் அளவீடுகளின் வழியாக என்பிடி அட்டவணைக்குள் வந்துவிடுவதால், பழைய விமானங்களை மாற்றிப் புதியவற்றை இயக்கினால் ஓர் ஊருக்கு எவ்வளவு நிம்மதி கிடைக்கும் என்ற கேள்விக்கு ஏஇடிடி தரும் விடையை நான் தயங்காமல் ஏற்கிறேன்.

ஆனால் எண்களை உள்ளிடுகிறவர் கவனிக்க வேண்டிய ஓரிடம் உண்டு. விமானத்தின் எடையை நேரடியாக அறிய முடியாததால், அது போகப்போகும் தூரத்தை வைத்து எடையை ஊகிக்கிறார்கள். 500 கடல் மைலுக்குள் போகிற விமானம் முதல் படி, 1,000 கடல் மைல் வரை இரண்டாம் படி என்று அது ஏறிக்கொண்டே போகும். அதோடு, இயல்பாகத் தரப்படும் புறப்பாட்டு வடிவம் முழு உந்துவிசையோடு ஏறுவதாகக் கொள்கிறது. நடைமுறையில் விமானிகள், எஞ்சினின் ஆயுளைக் கருதி, ஓடுபாதை போதுமான நீளம் இருக்கும்போதெல்லாம் குறைந்த உந்துவிசையோடுதான் புறப்படுகிறார்கள். அப்போது ஓடுபாதைக்கு அருகில் இரைச்சல் குறைகிறது. விமானம் தாழ்வாகவே ஏறுவதால் சில கிலோமீட்டர் தள்ளி இருப்பவர்களுக்கு அதன் தாக்கம் வேறு விதமாக அமைகிறது. மூன்றாம் வரிசைப் பதிப்புகளில் குறைந்த உந்துவிசைக்கும் மாற்று எடைக்குமான வடிவங்களைச் சேர்த்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த முன்னேற்றம். ஓர் அறிக்கையை மதிப்பிடும்போது, அந்த வடிவங்களைப் பயன்படுத்தினார்களா என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

இறங்கும் விமானத்துக்கு வந்தால் நிலைமை அவ்வளவு நன்றாக இல்லை. இறங்கும்போது எஞ்சின் ஏறக்குறைய ஓய்ந்திருக்க, நீட்டிய இறக்கை மடிப்புகளும் சக்கரக் கால்களும் காற்றைக் கிழிக்கும் ஓசையே பெரும்பங்கு வகிக்கிறது. அந்த ஓசை விமானத்தின் வேகத்தையும், சக்கரத்தை எப்போது இறக்கினார்கள் என்பதையும் பொறுத்தது. என்பிடி அட்டவணையோ உந்துவிசையை மட்டுமே கேட்கிறது. ஒரு விமானி சக்கரத்தைச் சற்றுத் தாமதித்து இறக்கினாலோ, மடிப்புகளை நீட்டாமல் நெடுந்தூரம் வந்தாலோ, தரையில் இருப்பவருக்குக் கிடைக்கும் உண்மையான நிம்மதியை இந்த மென்பொருளால் சரியாகக் காட்ட இயலாது. இரைச்சலைக் குறைக்கும் ஆய்வுகளில் இன்று நம்பிக்கை தரும் வழிகளில் ஒன்று இத்தகைய இறங்குமுறைகள் என்பதால், இந்தக் குறை எனக்குச் சிறியதாகப் படவில்லை.

சூழலையும் இது எளிமைப்படுத்தியே எடுத்துக்கொள்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் காற்றில் ஒலியை எவ்வளவு உறிஞ்சும் என்பதைக் கணக்கில் கொள்கிறது. மலை குறுக்கே நின்று பார்வைக்கோட்டை மறைத்தால் அதையும், நாம் தேர்ந்தெடுத்தால், சேர்த்துக்கொள்கிறது. காற்று வீசும் திசையில் ஒலி வளைந்து வந்து விழுவதையும், உயர்ந்த கட்டடச் சுவர்களுக்கு இடையே ஒலி எதிரொலிப்பதையும் கணக்கில் கொள்வதில்லை. தரை புல்வெளியைப் போல மென்மையானது என்ற அனுமானத்தில் பக்கவாட்டுத் தேய்வைக் கழிக்கிறது; ஏரிக்கரையிலோ துறைமுகத்திலோ வாழ்கிறவருக்கு அந்தக் கழிவு உண்மையில் கிடைப்பதில்லை.

இனி, கணக்கின் விடையை எந்த அலகில் சொல்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சட்ட நடைமுறையின் அலகு டிஎன்எல். ஓராண்டுப் பறப்புகளின் ஒலி ஆற்றலைச் சராசரி நாள் ஒன்றின் 24 மணி நேரத்துக்குப் பரப்பி, இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரையிலான ஒவ்வொரு பறப்புக்கும் 10 டெசிபல் கூட்டிக் கிடைக்கும் எண் அது. இரவில் ஒரு விமானம் பகலில் பத்து விமானங்களுக்குச் சமம் என்பது அதன் பொருள். டிஎன்எல் 65க்கு மேல் உள்ள இடத்தில் 1.5 டெசிபல் கூடினால் அது குறிப்பிடத்தக்க பாதிப்பு என்பது விதி. பறப்புகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால்கூட டிஎன்எல் 3 டெசிபல்தான் உயரும் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஆண்டு மழையை 365ஆல் வகுத்து ஒரு நாள் மழை இவ்வளவு என்று சொன்னால், வெள்ளம் வந்த நாளைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. டிஎன்எல் மட்டும் தாங்கி வரும் வரைபடத்தின் நிலையும் அதுவே. ஊர்க்கூட்டம் ஒன்றில், திரையில் காட்டிய கோடு தம் தெருவின் நடுவே போவதைப் பார்த்த ஓர் அம்மையார், "எதிர் வீட்டுக்காரருக்குச் சன்னல் கிடைக்கும், எனக்குக் கிடைக்காது என்றால், சத்தம் தெருவின் நடுவிலேயே நின்றுவிடுகிறதா ஐயா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. கோட்டின் இருபுறமும் உள்ள வேறுபாடு அரை டெசிபல்கூட இராது; கணிப்பின் பிழைவீச்சு அதைவிடப் பெரிது.

65 என்ற வரம்பே இன்று ஆட்டம் கண்டிருக்கிறது. 1978இல் தியடோர் ஷுல்ட்ஸ் பல ஆய்வுகளைத் தொகுத்து வரைந்த வளைகோட்டின் வழியில் வந்த கணக்குப்படி, டிஎன்எல் 65இல் வாழ்வோரில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினர் மட்டுமே மிகுந்த எரிச்சல் அடைவார்கள். எஃப்ஏஏ 20 விமான நிலையங்களைச் சுற்றி 10,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய புதிய ஆய்வின் முடிவு 2021 ஜனவரியில் வெளிவந்தபோது, அதே 65இல் அந்த விகிதம் 60 முதல் 71 விழுக்காடு என்று தெரிந்தது. மென்பொருள் 65 என்று மிகச் சரியாகவே கணித்தாலும், அந்த 65 மனிதர்களுக்கு என்ன செய்கிறது என்பதில் நாம் நெடுங்காலம் தவறாக இருந்திருக்கிறோம். நிர்வாகம் 2023இல் தன் இரைச்சல் கொள்கையை மறுஆய்வுக்கு எடுத்து மக்களின் கருத்தைக் கேட்டது; அந்த மறுஆய்வை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன்.

சராசரி எண் ஒன்றை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஃபீனிக்ஸ் நகரத்தில் நடந்தது நல்ல சான்று. 2014 செப்டம்பர் 18 அன்று அங்குள்ள ஸ்கை ஹார்பர் விமான நிலையத்தின் புறப்பாட்டுத் தடங்கள் செயற்கைக்கோள் வழிகாட்டுதலுக்கு மாற்றப்பட்டன. முன்பு விசிறிபோல் பரவிச் சென்ற விமானங்கள் ஒரே நூலிழையில் பழைய குடியிருப்புகளின் மேல் செல்லத் தொடங்கின. குறிப்பிடத்தக்க பாதிப்பு எதுவும் இராது என்பதுதான் முன்கூட்டிச் செய்த கணிப்பு. மக்கள் கொதித்தெழுந்தார்கள், நகராட்சி வழக்குத் தொடுத்தது, 2017 ஆகஸ்ட்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் எஃப்ஏஏயின் ஒப்புதலைத் தன்னிச்சையானது என்று சொல்லி ரத்து செய்தது, 2018இல் தடங்கள் மாற்றப்பட்டன. கணக்கில் கூட்டல் பிழை எதுவும் இல்லை. சராசரி வரம்பைத் தாண்டவில்லை என்பதும் உண்மைதான். ஆனால் அதுவரை விமானமே கேளாத ஒரு தெருவுக்கு நாள்தோறும் எத்தனை விமானங்கள் வரப்போகின்றன என்பதை அந்த ஒற்றை எண் யாருக்கும் சொல்லவில்லை.

ஹெலிகாப்டருக்கு வருவோம், இந்த மதிப்புரையை நான் எழுத முனைந்ததே பெரிதும் இதற்காகத்தான். ஏஇடிடியில் ஹெலிகாப்டருக்கு உந்துவிசைக் கணக்கு கிடையாது. ஏறுதல், சமமாகப் பறத்தல், இறங்குதல், மிதந்து நிற்றல் என்ற நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள். சுழலியின் முன்னோக்கி வீசும் இறகும் பின்னோக்கி வீசும் இறகும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை என்பதால், பறக்கும் நிலைகளில் இடப்புறம், நேர் கீழே, வலப்புறம் என்று மூன்று தனி அட்டவணைகள் உண்டு. வேகம் கூடும்போது முன்னோக்கி வீசும் இறகு நுனியின் மாக் எண் (ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்ட வேகம்) உயர்வதற்கும் ஒரு திருத்தம் உண்டு. ஐஎன்எம்மின் தொடக்கப் பதிப்புகளில் இவை எதுவும் இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால் இது கணிசமான முன்னேற்றம்தான்.

ஆயினும் ஹெலிகாப்டரின் இரைச்சல் அதன் பறக்கும் விதத்தைச் சார்ந்திருக்கும் அளவுக்கு ஜெட் விமானத்தின் இரைச்சல் சார்ந்திருப்பதில்லை. இறங்கும் ஹெலிகாப்டரிலிருந்து வரும் 'டப் டப்' என்ற அறைதல், ஓர் இறகின் நுனியிலிருந்து கழன்ற காற்றுச் சுழலை அடுத்து வரும் இறகு வெட்டுவதால் எழுகிறது. மிதமான வேகத்தில் மிதமான சரிவில் இறங்கும்போது சுழலித் தட்டும் (இறகுகள் சுழன்று வரையும் வட்டம்) அது உதிர்த்த சுழல்களும் ஒரே தளத்தில் சிக்கிக்கொள்வதால் அறைதல் உச்சத்தை அடைகிறது. சரிவைச் சற்றுச் செங்குத்தாக்கினாலோ, சற்றுத் தட்டையாக்கினாலோ, வேகத்தை மாற்றினாலோ சுழல்கள் இறகுகளுக்கு மேலேயோ கீழேயோ விலகிப் போய் ஓசை பெருமளவு தணிகிறது. சான்றிதழ் அளவீடு 6 பாகைச் சரிவில் எடுக்கப்படுவது. பல வகைகளுக்கு அது அந்த உச்சப் பகுதியிலேயே விழுகிறது. அட்டவணை ஒரே ஓர் இறங்குநிலையைத்தான் அறியும் என்பதால், அறைதலைத் தவிர்க்க நன்கு பயின்று இறங்கும் விமானியும், அதைப் பற்றி எண்ணாமல் இறங்கும் விமானியும் ஏஇடிடியின் வரைபடத்தில் ஏறக்குறைய ஒரே கோட்டைத்தான் வரைவார்கள்.

இதன் விளைவு தொழில்நுட்பத்தோடு நிற்பதில்லை. ஃப்ளை நெய்பர்லி என்ற பெயரில் ஹெலிகாப்டர் இயக்குநர்களின் சங்கம் விமானிகளுக்கு நீண்ட காலமாகச் சொல்லிவரும் அறிவுரைகள், எந்த வேகத்தில் எந்தச் சரிவில் இறங்கினால் கீழே வாழ்கிறவர்கள் நிம்மதியாக இருப்பார்கள் என்பதைப் பற்றியவை. அந்த அறிவுரையைக் கடைப்பிடித்தால் ஓர் ஊருக்கு எத்தனை டெசிபல் குறையும் என்று கணக்கிட்டுக் காட்ட இயலாவிட்டால், அதை உடன்படிக்கையில் எழுதச் சொல்லி வற்புறுத்துவதும் கடினமாகிறது. இரைச்சலைக் குறைக்கும் மிக மலிவான வழி, கணிக்கும் கருவியின் கண்ணுக்குப் படாமலேயே போகிறது. என்னை மிகவும் வருத்தும் குறை இதுதான்.

அலகும் ஹெலிகாப்டருக்கு எதிராகவே நிற்கிறது. வியட்நாம் போரில் பெயர் பெற்ற ஹூயி ஹெலிகாப்டரின் இரண்டு இறகுகள் நிமிடத்துக்கு 324 சுற்றுகள் வீதம் சுழன்று, நொடிக்கு ஏறத்தாழ 11 முறை காற்றை அறைந்தன. இத்தகைய தாழ்ந்த அதிர்வெண்கள் சன்னலையும் அலமாரிப் பாத்திரங்களையும் நடுங்க வைக்கும். ஆனால் டிஎன்எல் பயன்படுத்தும் ஏ வகை எடையிடல், அதாவது காதுக்குக் கேட்கும் விதத்துக்கு ஏற்ப ஒவ்வொரு அதிர்வெண்ணையும் திருத்தும் முறை, 31.5 ஹெர்ட்ஸிலேயே ஏறத்தாழ 39 டெசிபலைக் கழித்துவிடுகிறது. நாளுக்குச் சில ஹெலிகாப்டர்கள் மட்டும் கடக்கும் ஊரில் சராசரி எப்போதும் 65க்கு வெகு கீழேதான் இருக்கும். நியூயார்க்கின் லாங் ஐலண்டில் கோடைக்கால ஹெலிகாப்டர்களால் மக்கள் பட்ட துன்பத்துக்காக, வடகரையை விட்டு விலகிக் கடல் மேல் பறக்கும் தடத்தை எஃப்ஏஏ 2012இல் கட்டாயமாக்கியபோது, அதை நகர்த்தியது மக்களின் தொடர்ந்த முறையீடே தவிர எந்தச் சம இரைச்சல் கோடும் அல்ல.

மாற்று இல்லாமலில்லை. நாசாவுக்காக உருவான ஆர்என்எம் என்ற சுழலி இரைச்சல் மென்பொருளின் வழியில் வந்த ஏஏஎம் என்ற மென்பொருள், ஹெலிகாப்டரைச் சுற்றி ஓர் அரைக்கோளத்தைக் கற்பித்து, அதன் ஒவ்வொரு திசையிலும் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி புறப்படுகிறது என்பதை வேகத்துக்கும் சரிவுக்கும் ஏற்பத் தனித்தனியாகச் சேமித்து வைக்கிறது. பறக்கும் ஹெலிகாப்டர் சரிவை மாற்றும்போது அரைக்கோளமும் மாறுகிறது; ஆகவே நல்ல விமானிக்கும் கவனமற்ற விமானிக்கும் இடையிலான வேறுபாடு இதில் தெரியும். ஆனால் ஒவ்வொரு ஹெலிகாப்டர் வகைக்கும் மைக்ரோஃபோன் வரிசைகளின் மேல் பல வேகங்களில், பல சரிவுகளில் பறந்து அளக்க வேண்டும் என்பதால் அந்தத் தரவு விலையுயர்ந்தது. எல்லா வகைகளுக்கும் கிடைப்பதில்லை. அளக்காமலே கணிக்க வேண்டுமானால் இயற்பியலுக்குத்தான் போக வேண்டும். ஃபௌக்ஸ் வில்லியம்ஸும் ஹாக்கிங்ஸும் 1969இல் தந்த சமன்பாடும், அதைச் சுழலும் இறகுகளுக்கு ஏற்றவாறு நாசாவின் லாங்லி மையத்தில் ஃபராசத் தீர்த்துத் தந்த வடிவமும், அதன் மேல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட பிஎஸ்யூ வாப்வாப் நிரலும் இறகின் மேல் உள்ள காற்றழுத்தத்திலிருந்தே ஒலியைக் கணக்கிடுகின்றன. இவை ஆய்வாளரின் கருவிகள். ஊராட்சி அலுவலகத்தின் மேசைக்கு இன்னும் வரவில்லை.

வடிவமைப்பாளர்கள் சாதித்தவற்றையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். வால் சுழலியை வளையத்துக்குள் அடைத்த ஃபெனஸ்ட்ரான் 1968இல் கஸெல் ஹெலிகாப்டரில் முதலில் பறந்தது. பின்னர் வந்த இசி135இல் அதன் இறகுகளுக்கு இடையிலான இடைவெளியைச் சமமின்றி அமைத்து, ஒற்றை ஊளையாகக் கேட்டதைப் பல சிறு ஒலிகளாகப் பிரித்தார்கள். ஏர்பஸ் ஹெச்160இன் இருமுறை வளைந்த புளூ எட்ஜ் இறகு, சுழலோடு ஒரே கணத்தில் முழு நீளத்துக்கும் மோதாமல் சிறிது சிறிதாக மோதும்படி வடிவமைக்கப்பட்டு, 3 டெசிபல் குறைப்பதாக அந்நிறுவனம் சொல்கிறது. பிரான்ஸின் ஒனேரா, ஜெர்மனியின் டிஎல்ஆர் ஆகிய வான்வெளி ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு அதன் வேர். அளவீடு தரவுத்தளத்தில் ஏறாத வரை இத்தகைய புதிய வகைக்குப் பதிலாக ஒத்த பழைய வகை ஒன்றைத்தான் ஏஇடிடியில் பறக்கவிட வேண்டும். அப்போது அந்த உழைப்பின் பலன் வரைபடத்தில் இராது. மின்சார வான் டாக்ஸிகளுக்கும் இதே சிக்கல் காத்திருக்கிறது. ஜோபி நிறுவனத்தின் ஊர்தி 1,640 அடி உயரத்தில் 100 நாட் வேகத்தில் பறந்தபோது நாசாவின் கருவிகள் 45.2 டெசிபல்தான் காட்டின. பல சிறு சுழலிகள் சேர்ந்து எழுப்பும் அந்த ஒலி காதுக்கு எப்படிப்பட்டது என்பதை அந்த எண் சொல்லாது.

இவ்வளவுக்குப் பிறகும் நான் ஏஇடிடியையே பரிந்துரைக்கக் காரணம், டிஎன்எல்லைத் தாண்டிய அலகுகளையும் அது தன்னுள் வைத்திருப்பதுதான். குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஒரு நாளில் எத்தனை முறை இரைச்சல் எழும், எத்தனை நிமிடம் நீடிக்கும் என்பதை அதனிடம் கேட்கலாம். சுற்றுப்புறத்தின் இயல்பான ஓசைக்கு மேலே விமானம் எவ்வளவு நேரம் காதில் விழும் என்பதையும் கேட்கலாம். கிராண்ட் கேன்யன் போன்ற தேசியப் பூங்காக்களுக்கு அந்தக் கணக்கு இன்றியமையாதது, ஏனெனில் 1987ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே இயற்கையின் அமைதியை மீட்கச் சொல்கிறது. இந்த அலகுகள் எல்லாம் கூடுதல் செலவின்றி அதே ஓட்டத்தில் கிடைப்பவை. கேட்காவிட்டால் பெரும்பாலான அறிக்கைகளில் அவை இடம்பெறுவதில்லை.

உங்கள் ஊரில் இத்தகைய ஆய்வு நடந்தால், ஆலோசகரிடம் இரவு, பகல் எண்ணிக்கை அலகுகளைத் தனித்தனி வரைபடமாகக் கேளுங்கள். எந்த விமானத்துக்கு எந்த மாற்று வகையைப் பயன்படுத்தினார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். ஹெலிகாப்டர் பங்கு பெரிதாக இருந்தால் ஏஏஎம் ஓட்டமும், சில வாரங்களாவது தரையில் ஒலிமானி வைத்து எடுத்த அளவீடும் கேளுங்கள். அச்சிட்ட அறிக்கையோடு நின்றுவிடாமல் ஏஇடிடியின் ஆய்வுக் கோப்பையே எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். தடங்கள், பறப்பு எண்ணிக்கை, எடைப் படிகள், நில அமைப்பு என்று உள்ளிட்ட அனைத்தும் அந்த ஒரே கோப்பில் இருக்கும்; மென்பொருளை அறிந்த வேறொருவர் அதைத் திறந்து, ஓர் உள்ளீட்டை மாற்றி, மீண்டும் ஓட்டிப் பார்க்க முடியும்.